லைசென்ஸ் சட்டத்தை இறுக்கினால் விபத்து குறையுமா? வாதங்களின் பலத்தை எடைபோடும் விதம்

நிலாவெளி வீதியிலோ கந்தளாய்ப் பக்கத்திலோ ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் இளம் பிள்ளை ஒன்று இறந்துவிட்டால், அடுத்த சில நாட்களுக்குத் திருகோணமலையில் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பற்றித்தான் பேச்சு. பதினெட்டு வயதில் லைசென்ஸ் கொடுப்பது பிழை, இருபத்தொன்றாக்க வேண்டும் என்பார் ஒருவர். ட்ரயலை, அதாவது ஓட்டிக் காட்டும் பரீட்சையை, இறுக்கினால் பாதிப் பேர் வடிகட்டப்பட்டுவிடுவார்கள் என்பார் இன்னொருவர். லைசென்ஸ் இல்லாமல் ஓடுகிறவனுக்குத் தலை நிமிர முடியாத அளவுக்குத் தண்டம் அடிக்க வேண்டும் என்பார் மூன்றாமவர். கேட்கும்போது மூன்றும் நியாயமாகப் படும். துக்கத்தின் நடுவே சொல்லப்படுவதால் மறுத்துப் பேசவும் மனம் வராது. ஆனால் இந்த மூன்றின் பலமும் ஒன்றல்ல. சிலவற்றுக்குப் பின்னால் பல நாடுகளின் நீண்டகால ஆய்வுகள் நிற்கின்றன. சிலவற்றை அதே ஆய்வுகள் கைவிட்டிருக்கின்றன.

அனுமதிப்பத்திரச் சட்டம் வீதிக்கு இறங்கி எந்த வாகனத்தையும் மறிப்பதில்லை. அது வேலை செய்ய நான்கு வழிகள்தான் உண்டு. சிலரை ஓட விடாமல் தடுக்கலாம். ஓடுகிறவர்கள் எந்த நேரத்தில், யாரை ஏற்றிக்கொண்டு ஓடலாம் என்று கட்டுப்படுத்தலாம். தனியாக ஓடத் தொடங்குமுன் கூடுதலாகப் பழக வைக்கலாம். பிழை செய்தால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தை ஊட்டலாம். ஒரு வாதம் இந்த நான்கில் எந்த வழியால் உயிரைக் காப்பாற்றப் போகிறது என்று சொல்லியாக வேண்டும். சொன்னால், அந்த வழி நமது வீதிகளில் திறந்திருக்கிறதா என்று சோதிக்கலாம். சொல்லாவிட்டால், சோதிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்த பிள்ளைகளுக்கு இதன் அடிப்படை தெரியும்: முடிவு சரியாக இருப்பது ஒன்று, அந்த முடிவை அதற்குச் சொன்ன காரணம் தாங்குவது வேறொன்று. நமக்குப் பிடிக்காத கொள்கைக்கு ஒருவர் சொல்லும் நொண்டிக் காரணம் உடனே கண்ணில் படும். பிடித்த கொள்கைக்குச் சொல்லப்படும் நொண்டிக் காரணம் அப்படிப் படுவதில்லை. பட்டிமன்றத்தில் அது பரவாயில்லை. சட்டம் எழுதும்போது அதற்கு உயிரால் விலை கொடுக்க வேண்டிவரும்.

இப்போதுள்ள நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும்தான் அடிப்படை. இலகு வாகனங்களுக்கு 18 வயது, பஸ், லொறி போன்ற கனரக வாகனங்களுக்கு 21. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ், 40 கேள்விகள் கொண்ட எழுத்துப் பரீட்சை, பழகுவதற்கான எல் பேமிற், பிறகு ட்ரயல். 100 சீசீ வரையான மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேல் ஏ, முச்சக்கரவண்டிக்கு பி1, கார், வான் வகைக்கு பி, கை உழவு இயந்திரத்துக்கு ஜி1 என்று வகுப்புகள் பிரிகின்றன. இந்தப் பிரிவுகள் பின்னால் முக்கியமாகும். வெளிநாட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை காரைப் பற்றியவை. நமது வீதிகளில் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும்தான் நிறைந்திருக்கின்றன.

நூற்றுக்கு முப்பது என்றால் அதிகமா?

"விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு முப்பது பேரிடம் லைசென்ஸ் இல்லை." இப்படி ஓர் எண்ணைச் சொன்னதும் வாதம் வென்றுவிட்டதுபோல் தோன்றும். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும்: வீதியில் ஓடுகிற எல்லோரிலும் லைசென்ஸ் இல்லாதவர்கள் நூற்றுக்கு எத்தனை? அதுவும் முப்பதென்றால், விபத்தில் முப்பது இருப்பதில் வியப்பே இல்லை. லைசென்ஸ் இருந்ததும் இல்லாததும் விபத்தின் எண்ணிக்கையை மாற்றவில்லை. அது பத்து மட்டுமே என்றால் கதை வேறு. பத்துப் பேர் சேர்ந்து முப்பது விபத்து, தொண்ணூறு பேர் சேர்ந்து எழுபது விபத்து. ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தால், லைசென்ஸ் இல்லாதவரின் ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு. விபத்துப் பக்கத்து எண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். முடிவு மாறியது மற்றப் பக்கத்து எண்ணால். அந்த இரண்டாவது எண் இல்லாத வாதத்தை வலுவானது என்று ஏற்கக்கூடாது.

அந்த இரண்டாவது எண்ணை எங்கே எடுப்பது? சோதனைச் சாவடியில் பிடிபட்டவர்களை எண்ணினால் போதாது. பொலிஸார் சந்தேகப்பட்டவர்களைத்தானே மறிக்கிறார்கள், பொலிஸைக் கண்டதும் ஒழுங்கைக்குள் திரும்பிவிடுகிறவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. இதற்கு ஆய்வாளர்கள் ஒரு நல்ல உத்தியைக் கையாள்கிறார்கள். இரண்டு வாகனம் மோதிய விபத்துகளை மட்டும் எடுத்து, பிழை செய்தவர், பிழை செய்யாதவர் என்று பிரிக்கிறார்கள். பிழை செய்யாதவர் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்ததால் மாட்டிக்கொண்டவர். ஆகவே அவர்களை ஒன்றுசேர்த்தால், வீதியில் ஓடுகிறவர்களின் ஒரு மாதிரி கிடைத்துவிடும். பிழை செய்யாதவர்களில் பத்து வீதத்தினரும் பிழை செய்தவர்களில் முப்பது வீதத்தினரும் லைசென்ஸ் இல்லாதவர்கள் என்றால், அதே நான்கு மடங்கு கணக்கு வருகிறது. கலிபோர்னியாவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு உயிரிழப்பு விபத்துகளை இப்படித்தான் எடைபோட்டது. லைசென்ஸே பெறாதவர்களின் ஆபத்து, செல்லுபடியான லைசென்ஸ் உள்ளவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அது கண்டது.

ஆக, லைசென்ஸ் இல்லாதவர்கள் ஆபத்தானவர்கள் என்ற கூற்று பலமானது. ஆனால் அதிலிருந்து "எல்லோருக்கும் லைசென்ஸ் கொடுத்துவிட்டால் ஆபத்து ஐந்தில் ஒன்றாகும்" என்று தாவ முடியாது. சட்டத்தைச் சட்டைசெய்யாத சுபாவம் உள்ளவர்தான் லைசென்ஸ் எடுக்காமலும் இருக்கிறார், மது அருந்திவிட்டும் ஓடுகிறார். சுபாவம் அட்டையோடு மாறுவதில்லை. மாறக்கூடிய ஒன்றும் உண்டு. 2015இல் கலிபோர்னியா, குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கும் லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியது. விபத்துகள் கூடும் என்று எதிர்த்தார்கள். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது விபத்துகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் மோதிவிட்டுத் தப்பி ஓடும் சம்பவங்கள் 7 முதல் 10 வீதம் குறைந்திருந்தன. காரணம் எளிது: லைசென்ஸ் உள்ளவருக்கு நின்று உதவப் பயமில்லை. உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரை இருட்டிய பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த வீதித் துண்டுகள் எத்தனையோ. அங்கே அடிபட்டவரை யாராவது உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதும் போகாததும் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். லைசென்ஸைப் பரவலாக்க வேண்டும் என்கிறவர்கள் திறமை கூடும் என்று வாதிடுவதைவிட இதைச் சொன்னால் அவர்கள் வாதம் உறுதியாக நிற்கும்.

வயதா, பழக்கமா?

வயதை 21ஆக உயர்த்தும் வாதம் இரண்டு விடயங்களை ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறது. இளம் வயதின் துணிச்சல் ஒன்று, புதிதாக ஓடுகிறவரின் பழக்கமின்மை மற்றொன்று. 18 வயதில் விபத்து அதிகம் என்றால் அது எதனால்? பல நாடுகளின் தரவுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன: எந்த வயதில் தொடங்கினாலும், தனியாக ஓடும் முதல் சில மாதங்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது, பிறகு வேகமாக இறங்குகிறது. வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் தொடக்கத்தைத் தள்ளிப்போட்டால் அந்த முதல் மாதங்களும் தள்ளித்தான் போகின்றன, ஒழிந்துவிடுவதில்லை.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பல மாநிலங்கள் படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தன: முதலில் மேற்பார்வையோடு, பிறகு இரவிலும் நண்பர்களை ஏற்றிக்கொண்டும் ஓடத் தடையோடு, கடைசியில் முழு லைசென்ஸ். 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஆய்வு, கடுமையான முறை உள்ள மாநிலங்களில் 16 வயதினரின் உயிரிழப்பு விபத்துகள் 26 வீதம் குறைவு என்று கண்டது. அதே ஆய்வில், 18 வயதினரிடம் அவை 12 வீதம் அதிகம். பலர் 18 வரை காத்திருந்து, கட்டுப்பாடுகளைத் தவிர்த்து, பழகாமலே முழு லைசென்ஸ் எடுத்தார்கள் என்பது ஒரு விளக்கம். 16 வயதினரை மட்டும் காட்டி வாதிடுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைத்தான் சொல்கிறார். வயதைப் பற்றி யார் எண் காட்டினாலும், அடுத்த இரண்டு மூன்று வயதுகளுக்கு என்ன நடந்தது என்று கேட்காமல் விடக்கூடாது.

படிமுறை லைசென்ஸ் என்ற யோசனையே பலவீனமானது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1987இல் நியூசிலாந்து நாடு முழுவதற்கும் அதைக் கொண்டுவந்தது. இடைக்கட்டத்தில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியாக ஓட முடியாது. பிறகு பல நாடுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு, 16 வயதினரின் விபத்துகள் முதல் ஆண்டில் நடுமதிப்பாக 15 வீதத்துக்குச் சற்று மேல் குறைந்ததாகக் கண்டது. லைசென்ஸ் கொள்கைகளில் இவ்வளவு உறுதியான சான்று உள்ளவை மிகச் சில.

அப்படியானால் அதை அப்படியே இங்கே கொண்டுவரலாமா? இங்கேதான் வாகன வகுப்பைப் பார்க்க வேண்டும். சுவீடன் 1993இல் மேற்பார்வையோடு பழகத் தொடங்கும் வயதை பதினேழரையிலிருந்து 16ஆகக் குறைத்தது. லைசென்ஸ் பெறும் வயது 18ஆகவே இருந்தது. வாய்ப்பைப் பயன்படுத்திய பிள்ளைகள் லைசென்ஸுக்கு முன் ஏறத்தாழ 120 மணித்தியாலம் ஓடிப் பழகினார்கள். மற்றவர்கள் 50 மணித்தியாலத்துக்கும் குறைவாக. பழகியவர்களின் விபத்து ஆபத்து 40 வீத அளவில் குறைந்தது. (அவர்களில் ஒரு பகுதி ஏற்கெனவே நிதானமான குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஆகவே எல்லாப் புதிய சாரதிகளையும் சேர்த்துப் பார்த்த 15 வீதக் குறைவே நம்பத்தக்க எண்.) ஆனால் அது கார். பக்கத்து ஆசனத்தில் தகப்பன் இருந்து "மெதுவாகப் போ" என்று சொல்லலாம், ஆபத்தென்றால் ஹேண்ட் பிரேக்கை இழுக்கலாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவரால் எதையும் செய்ய முடியாது; அவருடைய பாரமே பழகுகிறவருக்குச் சமநிலையைக் கெடுக்கும். ஏ1, ஏ வகுப்புகளில் மேற்பார்வைப் பயிற்சி என்ற வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. சுவீடன் ஆய்வைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாதிடுபவரின் சான்று உண்மையானது. அது இந்தக் கேள்விக்கான சான்று இல்லை.

மற்ற இரண்டு கூறுகளும், அதாவது இரவுத் தடையும் ஆள் ஏற்றும் தடையும், மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தக்கூடியவை. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் முதல் ஆண்டில் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது என்ற விதியைப் பொலிஸார் பார்த்தவுடன் பிடிக்கலாம். லைசென்ஸில் திகதி இருக்கிறது. இரவுத் தடையில்தான் சிக்கல். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களும், நிலாவெளி ஹோட்டல்களில் இரவு வேலை முடித்து வருகிறவர்களும் அந்த வயதினர்தான். பஸ் ஓடாத நேரத்தில் அவர்களுக்கு வேறு வாகனம் இல்லை. தொழிலுக்கு விலக்குக் கொடுக்கலாம். ஆனால் எத்தனை பேருக்கு விலக்குப் போகும் என்று கணக்கிடாமல், தடையின் முழுப் பயனையும் எதிர்பார்க்கும் வாதம் தன்னைத்தானே மிகைப்படுத்திக்கொள்கிறது.

வயதை உயர்த்தும் வாதத்தில் இன்னொரு கேள்வி பாக்கி. டியூசனுக்குப் போக 16 வயதிலேயே மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்ட பிள்ளை, லைசென்ஸ் வயது 21 என்றதும் இறங்கிவிடுமா? இறங்கும் என்றால் வாதம் வாழ்கிறது. இறங்காது என்றால், இரண்டு ஆண்டு லைசென்ஸ் இல்லாமல் ஓடியது ஐந்தாண்டாகிறது. அந்த ஐந்தாண்டும் வீதிச் சட்டம் படிக்காமல், மருத்துவப் பரிசோதனை இல்லாமல், அடிபட்டவருக்குக் காப்புறுதிப் பணம் கிடைப்பதே சிக்கலாகும் நிலையில் கழியும்.

ட்ரயலை இறுக்குதல்

பரீட்சை கடினமானால் தரம் கூடும் என்பது எல்லோருக்கும் பழகிய எண்ணம். பரீட்சை எதை அளக்கிறதோ அதைக் கொண்டுதான் ஆட்களை வடிகட்டும் என்பதை இதில் மறந்துவிடுகிறோம். ட்ரயலில் வாகனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் அளக்கப்படுகிறது: கிளம்புதல், திருப்புதல், பின்னால் எடுத்தல், சைகை, நிறுத்துதல். இளம் சாரதிகள் மடிவது பெரும்பாலும் இந்தத் திறன் இல்லாததால் அல்ல. வேகம், மது, முந்தும் அவசரம், வரப்போகும் ஆபத்தைக் காணத் தவறுவது ஆகியவைதான் காரணங்கள். பழகுனர் பாடசாலைகள் ட்ரயலில் கேட்பதைத்தான் சொல்லிக்கொடுக்கும். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்பதைக் கடினமாக்கினால் கடினமானதையும் அதே விதமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

கட்டுப்பாட்டுத் திறனைக் கூட்டிய இடங்களில் நடந்தவை பலரை அதிர வைத்தன. நோர்வேயில் வழுக்கும் வீதியில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1980களில் ஆராய்ந்தபோது, இளம் ஆண்களிடம் வழுக்கும் வீதி விபத்துகள் கூடியிருந்தன. எனக்குத்தான் சமாளிக்கத் தெரியுமே என்ற தன்னம்பிக்கை, திறமையைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டீகால்ப் மாவட்டத்தில் ஏறத்தாழ 16,000 மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலருக்கு முழுமையான சாரதிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆரம்ப மாதங்களில் சிறு பயன் தெரிந்தது, பிறகு அது கரைந்துபோனது. கனெக்டிகட் மாநிலத்தில் சில பாடசாலைகள் சாரதிப் பயிற்சியைக் கைவிட்டபோது, அந்தப் பகுதிகளில் 16, 17 வயதினர் லைசென்ஸ் எடுப்பது குறைந்து, அவர்களின் விபத்துகளும் குறைந்தன. பயிற்சி திறமையைக் கூட்டியதைவிட, சிறு வயதில் வீதிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டியிருந்தது.

பரீட்சையை நடத்துகிறவர்களுக்கு அதிக அதிகாரம் கொடுக்கும்போது வரும் ஆபத்தை டில்லி ஆய்வு காட்டுகிறது. 2007இல் வெளியான அந்த ஆய்வில் 822 விண்ணப்பதாரிகளைப் பின்தொடர்ந்தார்கள். லைசென்ஸ் கிடைத்தவர்களில் பத்தில் ஏழு பேர் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கே போகவில்லை. ஆய்வாளர்கள் தாங்களே திடீரென்று வைத்த பரீட்சையில் பத்தில் ஆறு பேர் தேறவில்லை. நேர்மையாக நேரே போனவர்களை, ஓடத் தெரிந்தவர்களையும் சேர்த்து, காரணமில்லாமல் பெயிலாக்கினார்கள். ஆகவே முகவரிடம் போவதே புத்திசாலித்தனமாகிவிட்டது. பாஸ், பெயில் என்பது ஒருவரின் விருப்பத்தில் தங்கியிருக்கும் எந்த இடத்திலும், பரீட்சையைக் கடினமாக்குவது முகவரின் விலையைத்தான் கூட்டும். இந்த வாதத்தை முன்வைப்பவர் கூடவே புள்ளி கொடுக்கும் தாள், கமெரா, முறையீட்டு வழி ஆகியவற்றையும் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லியிருந்தால் வாதத்தின் பலம் பல மடங்காகிறது.

எழுத்துப் பரீட்சைப் பக்கத்தில் நம்பிக்கை தரும் ஒன்று உண்டு. பிரித்தானியா 2002 நவம்பரில் ஆபத்தை உணரும் பரீட்சையைச் சேர்த்தது. வீதியில் ஓடும் காட்சியைத் திரையில் காட்டுவார்கள். ஆபத்து உருவாகும் கணத்தில் விண்ணப்பதாரி பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பிறகு முதல் ஆண்டில் சில வகை விபத்துகள் குறைந்திருந்தன. இதற்குப் பக்கத்தில் ஆள் தேவையில்லை, மோட்டார் சைக்கிள்காரருக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் காட்சிகள் இங்கே எடுத்தவையாக இருக்க வேண்டும். மழைக் காலத்து இரவில் சூடான தார் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள், நகரத்துக்குள் கோட்டைப் பக்கத்திலிருந்து குறுக்கே பாயும் மான்கள், ஹபரணை – கந்தளாய் வீதியில் ஏறும் யானை, தம்பலகாமத்தில் அறுவடை நேரத்தில் பின்விளக்கு இல்லாமல் வயலிலிருந்து ஏறும் லேண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்), நிறுத்திய பஸ்ஸுக்கு முன்னால் வீதியைக் கடக்கும் பிள்ளை. இவற்றைக் காணப் பழகாதவர் எட்டு முறை பின்னால் எடுத்துக் காட்டி என்ன பயன்?

மருத்துவச் சான்றிதழையும் இங்கேயே சொல்லிவிடலாம். முதியவர்களை அடிக்கடி பரிசோதித்தால் விபத்து குறையும் என்ற வாதத்துக்குப் பின்லாந்தும் சுவீடனும் நல்ல ஒப்பீடு. 70 வயதுக்குப் பின் பின்லாந்தில் மருத்துவப் பரிசோதனை கட்டாயம், சுவீடனில் இல்லை. முதிய கார்ச் சாரதிகளின் விபத்துகளில் வித்தியாசம் காணப்படவில்லை. பின்லாந்தில் பாதசாரிகளாகவும் சைக்கிளிலும் இறந்த முதியவர்கள் அதிகம். லைசென்ஸை விட்டவர்கள் வீதியை விடவில்லை.

2020க்குப் பிந்திய எண்களில் எச்சரிக்கை

நமது நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். இந்த எண்ணின் ஏற்ற இறக்கத்தைக் காட்டி யாராவது ஒரு விதிக்குப் புகழோ பழியோ சூட்டினால், காலத்தைப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதே ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை பெரும்பாலும் மூடியே இருந்தது. புதிய மோட்டார் சைக்கிள்கள் வீதிக்கு வருவது ஏறத்தாழ நின்றுவிட்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். நான்கு லீற்றரில் வாரம் முழுதும் ஓடும் ஊரில் எந்த லைசென்ஸ் விதியும் வெற்றி பெற்றதாகத்தான் தெரியும். மறுபக்கம், இறக்குமதி திறந்த பிறகு எண் ஏறினால் அதற்கும் அப்போது நடைமுறையில் இருந்த விதியைத் திட்டுவார்கள். இந்த ஆண்டுகளை வைத்து "முன்னர் இவ்வளவு, பின்னர் இவ்வளவு" என்று மட்டும் சொல்லும் வாதம் எந்தப் பக்கத்துக்கும் உதவாது. ஓடிய கிலோமீற்றருக்கு இவ்வளவு, அல்லது விற்ற எரிபொருளுக்கு இவ்வளவு என்றாவது வகுத்திருக்க வேண்டும்.

மாவட்ட அளவில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. ஒரு வீதியில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதுவுமே மாறாவிட்டாலும், தற்செயலாகவே அந்த எண் ஓராண்டு ஆறாகவும் ஓராண்டு பன்னிரண்டாகவும் வரும். பன்னிரண்டு பேர் இறந்த ஆண்டில் எல்லோரும் கொதித்தெழுந்து ஒரு விசேட நடவடிக்கை எடுப்போம். அடுத்த ஆண்டு எட்டாகக் குறையும். நடவடிக்கை எடுக்காவிட்டாலும் அது பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும். உச்சத்துக்குப் பிறகு சராசரியை நோக்கி வருவதே எண்களின் இயல்பு. ஆகவே குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகள் முன்னும் பின்னும், அதோடு நடவடிக்கை எடுக்காத ஒரு பக்கத்து மாவட்டத்தின் எண்ணும் இருந்தால்தான் பேசலாம்.

தண்டப்பணமும் புள்ளியும்

2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் சில வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்ற யோசனை வந்தபோது பஸ், ஆட்டோ சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. அந்தச் சண்டையில் இரு தரப்பும் தொகையைப் பற்றியே பேசின. பயத்தை உண்டாக்குவது தொகையும் பிடிபடும் வாய்ப்பும் சேர்ந்த பெருக்கம். ஐந்நூறு தடவை ஓடினால் ஒரு தடவை பிடிபடும் என்ற நிலையில் 25,000 ரூபாவின் பாரம், ஓட்டத்துக்கு 50 ரூபா. இருபது தடவைக்கு ஒரு தடவை பிடிபடும் என்றால் 2,500 ரூபாவின் பாரமே 125 ரூபா. தொகை ஏறும்போது இன்னொன்றும் ஏறுகிறது: சாவடியைக் கண்டதும் திருப்பிக்கொண்டு ஓடும் துடிப்பு. அந்தத் திருப்பத்தில் விழுந்தவர்களும் விபத்துக் கணக்கில்தான் சேர்வார்கள்.

பிழைக்குப் பிழை புள்ளி ஏறி, 24 ஆனதும் லைசென்ஸ் பறிபோகும் முறையைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அந்த 24 புள்ளி முறையின் வாதம் இதைவிட வலுவானது, ஏனெனில் பணக்காரருக்கும் ஏழைக்கும் புள்ளி ஒன்றுதான். இத்தாலி 2003இலும் ஸ்பெயின் 2006இலும் கொண்டுவந்தன. பல நாடுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் ஆய்வு, விபத்துகள் 15 முதல் 20 வீதம் குறைந்ததாகவும், அந்தப் பயன் 18 மாதங்களுக்குள் தேய்ந்துபோனதாகவும் சொல்கிறது. ஆரம்பத்தில் எல்லோரும் பயப்படுகிறார்கள். பிடிபடுவது அரிது என்று தெரிந்ததும் பயம் போய்விடுகிறது. ஆகவே புள்ளி முறையை ஆதரிப்பவர் 18ஆவது மாதத்துக்குப் பிறகு என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். தண்டத்தாளைத் தபாலகத்தில் 14 நாட்களுக்குள் கட்டி, லைசென்ஸை மீட்டுக்கொண்டால் விடயம் முடிந்துவிடும் பழைய வழக்கத்தோடு புள்ளி முறை ஓடாது. மூதூரில் எழுதிய தாள் அன்றே கொழும்பில் அந்தச் சாரதியின் கணக்கில் ஏற வேண்டும்.

விபத்து எண்ணால் தீராத வாதங்கள்

முச்சக்கரவண்டியில் பயணிகளை ஏற்றுகிறவர் 35 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற யோசனை ஒரு காலத்தில் அரசாங்கத் தரப்பிலிருந்தே வந்தது. பாதுகாப்பு என்றார்கள், கூடவே, இளைஞர்கள் தொழிற்சாலைக்கோ கைத்தொழிலுக்கோ போகாமல் ஆட்டோவில் முடங்குகிறார்கள் என்ற கவலையும் பேசப்பட்டது. இவை இரண்டு வெவ்வேறு வாதங்கள். பாதுகாப்பு என்றால், 25 வயது ஆட்டோக்காரருக்கும் 35 வயது ஆட்டோக்காரருக்கும் ஓட்டத்துக்கான ஆபத்தில் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். வேலைச் சந்தை என்றால், திருகோணமலையில் அந்த மாற்று வேலை எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒன்றைக் கேட்டால் மற்றதைச் சொல்வது இரண்டையும் பலவீனமாக்குகிறது.

வாழ்வாதாரம், சமத்துவம் பற்றிய வாதங்களை "இது உயிர்ப் பிரச்சினை" என்று ஒதுக்கிவிடுவதும் சரியில்லை. அவை விபத்தைப் பற்றி எதுவும் நிரூபிப்பதில்லை, உண்மை. ஆனால் ஒரு விதியின் செலவை யார் சுமக்கிறார் என்பதைக் காட்டுகின்றன. புல்மோட்டையிலிருந்து நகரத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். லைசென்ஸ் வேலைக்காக வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போய்விடும். பயிற்சிக் கட்டணம், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் அதற்கு மேல். அலைச்சலும் செலவும் கூடினால் கவனக்குறைவானவர் விலகுவதில்லை, காசில்லாதவர்தான் விலகுகிறார். விலகியவர் லைசென்ஸ் இல்லாமல் ஓடுகிறார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூர், கிண்ணியா மக்கள் நகரத்துக்கு வருவது எளிதாயிற்று, வீதியில் வாகனமும் கூடியது. இப்படியான இடங்களுக்கு மாதம் ஒரு முறை நடமாடும் சேவை போவது, பாதுகாப்புக்கும் நியாயத்துக்கும் ஒரே நேரத்தில் உதவும் சில யோசனைகளில் ஒன்று. அதை யாரும் உரத்துப் பேசுவதில்லை என்பது வருத்தமானது.

இந்த வாதங்களில் மிகப் பெரியதான வயதா, பழக்கமா என்ற கேள்வியை இந்த மாவட்டத்துக்கென்று தீர்ப்பதற்கு வெளிநாட்டு ஆய்வுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு லைசென்ஸ் அட்டையிலும் பிறந்த திகதி இருக்கிறது. பின்பக்கத்தில் வாகன வகுப்பு வாரியாகத் திகதியும் இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் பொலிஸார் சாரதியின் வயதோடு, அந்த வகுப்புக்கு முதன்முதல் லைசென்ஸ் கிடைத்த திகதியையும், மோதிய இரண்டு சாரதிகளுக்கும் தவறாமல் எழுதினால், நான்கைந்து ஆண்டுகளில் 18 வயதில் தொடங்கி ஆறு மாதமானவரையும் 25 வயதில் தொடங்கி ஆறு மாதமானவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆபத்து இருவருக்கும் ஒன்றென்றால் முதலாண்டுக் கட்டுப்பாடுகளில் முயற்சியைப் போட வேண்டும். 18 வயதினருக்கு அது இரு மடங்கென்றால் வயதை உயர்த்தச் சொல்பவர்கள் கையில் முதன்முறையாக ஒரு நல்ல வாதம் இருக்கும்.